வலி அறியாத கைதி

போர் முடிந்துவிட்டது. எதிரிப் படையினர் 400 பேர் உயிருடன் பிடிபட்டிருக்கிறார்கள். வென்ற தளபதியின் முன் மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. கைதிகளை விடுவித்துவிடலாம், மீட்புப் பணம் பெற்றுக்கொண்டு அனுப்பலாம், அனைவரையும் கொன்றுவிடலாம். தளபதி அரை நொடிகூடத் தயங்கவில்லை. மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கிறான். பிறகு எழுந்து சென்று, அம்மா சூடாக வார்த்து வைத்திருக்கும் தோசையைச் சாப்பிடுகிறான்.

தளபதிக்கு வயது பதினேழு இருக்கும். அவனது போர்க்களம் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் படுக்கையறை. ஆடியது, 2006-இல் வெளிவந்து இன்றும் பலர் விரும்பி ஆடுகிற 'மிடீவல் 2: டோட்டல் வார்' என்ற கணினி விளையாட்டு. அவனைப் போன்ற இளைஞர்கள் அந்த நகரில் மட்டுமல்ல, நாடெங்கும் உண்டு. அவர்கள் கொடியவர்கள் அல்லர். தெருநாய்க்கு பிஸ்கட் போடுவார்கள். பாட்டிக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பார்கள். அப்படியானால் அந்த நானூறு பேரைக் கொன்றது என்ன? பாவமா, பிழையா, அல்லது ஒன்றுமே இல்லையா?

கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு நேர்மையாக விடை தேடப் புகுந்தால், வினை என்பது என்ன, அதைச் செய்பவன் யார் என்ற பழைய கேள்விகளிடமே வந்து சேர வேண்டியிருக்கிறது.

அச்சம் ஓர் எண்ணாகும்போது

இடைக்கால ஐரோப்பாவைக் களமாகக் கொண்ட இவ்வகை விளையாட்டுகளில் கொடுமை தற்செயலாக நேர்வதன்று. அது கணக்கில் சேர்க்கப்பட்ட ஒரு கருவி. 2001-இல் வந்த 'ஸ்ட்ராங்ஹோல்ட்' என்ற விளையாட்டில், அரசன் தன் கோட்டைக்குள் பூந்தோட்டமும் குளமும் அமைக்கலாம். தூக்குமரமும் நிலவறையும் உடலை இழுத்து வதைக்கும் சட்டமும் அமைக்கலாம். தோட்டம் அமைத்தால் குடிகள் மகிழ்வர், வீரர்கள் ஊக்கத்துடன் போரிடுவர், ஆனால் வேலை மெதுவாக நடக்கும். தூக்குமரம் நட்டால் வேலை விரைந்து நடக்கும், வீரர்களின் ஊக்கம் தளரும். 'மிடீவல் 2'-இல் கைதிகளை விடுவிக்கும் தளபதிக்குப் பெருந்தன்மைக்கான மதிப்பு ஏறுகிறது. கொல்பவனுக்கு அச்சுறுத்தலுக்கான மதிப்பு ஏறுகிறது. இரண்டுக்கும் களத்தில் பயன் உண்டு. மீட்புப் பணம் கேட்டு எதிரி அரசன் தர மறுத்தால், கைதிகள் கொல்லப்படுகிறார்கள். 2020-இல் வந்த 'குரூசேடர் கிங்ஸ் 3'-இல் சிறையில் கிடப்பவரை அரசன் வதைக்கலாம், கொல்லலாம். அப்போது 'அச்சம்' என்ற ஓர் எண் உயர்கிறது. அது உயர்ந்திருக்கும் வரையில் சிற்றரசர்கள் கலகம் செய்ய அஞ்சுவர்.

பதினேழு வயதுத் தளபதிக்கு அந்த நானூறு பேர்மீது கோபமோ வெறுப்போ எதுவும் இல்லை. அவர்களை விட்டால் நாளை மீண்டும் படையில் சேர்ந்து வருவார்கள். கொன்றால் எதிரியின் நெஞ்சில் அச்சம் பிறக்கும். அவன் கணக்குப் பார்த்தான், அவ்வளவே. இந்தக் 'அவ்வளவே' என்ற சொல்தான் சற்று நின்று பார்க்க வைக்கிறது.

இதற்கு இரண்டு அவசர விடைகள் சொல்லப்படுவதுண்டு. 'வெறும் விளையாட்டுதானே' என்பது ஒன்று. 'இதை ஆடுகிறவன் நாளை கத்தியை எடுப்பான்' என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வன்முறை விளையாட்டுகளுக்கும் கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு முரட்டுத்தனங்களுக்கும் தொடர்பு காணப்பட்டாலும், கொலை முதலான வன்செயல்களுக்கு அவற்றைக் காரணம் காட்டப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் தெளிவுபடுத்தியது. சதுரங்கத்தில் எத்தனையோ குதிரைகளும் யானைகளும் வெட்டுப்படுகின்றன. அதனால் எந்தச் சதுரங்க வீரரும் கொலைகாரர் ஆகிவிடவில்லை. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் தொழில்நுட்ப அடிமைத்தனத்திற்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு இயங்கி வருகிறது. 2019-இல் உலக சுகாதார நிறுவனமும் விளையாட்டு அடிமைத்தனத்தை ஒரு கோளாறாக ஏற்றுக்கொண்டது. இவை எல்லாம் எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்பதைப் பற்றிய கவலைகள். பெற்றோரும் அதையே கேட்கிறார்கள். அந்த மணி நேரத்தில் அவன் என்ன முடிவுகளை எடுக்கிறான் என்று கேட்பவர் அரிது.

முதல் விடை அத்தனை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. திரையிலுள்ள கைதிக்கு வலிக்காது. அவனுக்குத் தாய் இல்லை, ஊர் இல்லை, நாளை இல்லை. விலங்குகளைக் கொடுமைப்படுத்துபவனின் மனம் மனிதரிடத்திலும் கடினப்படும் என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் எச்சரித்தார். ஆனால் விலங்குக்கு உயிர் உண்டு, வலி உண்டு. இங்கே எதுவும் இல்லை. பாதிக்கப்பட்டவன் இல்லை, சாட்சி இல்லை, சட்டம் இல்லை, பழிவாங்க வருபவனும் இல்லை. இத்தனையும் நீங்கிய பிறகு மிஞ்சுவது ஒன்றே ஒன்று, செய்பவன். வினையின் விளைவுகள் அனைத்தையும் உரித்து எறிந்துவிட்டு, கர்த்தாவை மட்டும் தனியே நிறுத்திக் காட்டும் இப்படியொரு சந்தர்ப்பம் பழைய தத்துவ ஆசிரியர்களுக்குக் கிடைத்திருந்தால் அவர்கள் அதை விட்டிருக்க மாட்டார்கள்.

இரும்புப் பீமன்

வேதாந்த விசாரத்தில் கனவு அடிக்கடி எடுத்துக்காட்டாக வரும். கனவில் கொலை செய்தவனை விழித்தபின் யாரும் தூக்கில் இடுவதில்லை. ஆயினும் கனவின் மூலப்பொருள் விழிப்பில் சேர்ந்த வாசனைகளே என்பதால், எழுந்தவன் தன் கனவைப் பற்றிச் சற்றே வெட்கப்படுவதுண்டு. விளையாட்டு கனவைவிட ஒருபடி மேலே நிற்கிறது. கனவு தானாக வருகிறது; அங்கே தேர்வு இல்லை. விளையாட்டில் மூன்று வழிகளும் பளிச்சென்று எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. விரல் அசைந்துதான் ஒன்றைத் தொடுகிறது.

மகாபாரதத்தின் ஸ்திரீ பர்வத்தில் ஒரு காட்சி. போர் முடிந்து பாண்டவர்கள் திருதராஷ்டிரனை வணங்க வருகிறார்கள். நூறு மக்களைக் கொன்ற பீமனைத் தழுவிக்கொள்ள வேண்டும் என்கிறான் பார்வையற்ற முதிய அரசன். அவன் உள்ளத்தை அறிந்த கண்ணன் பீமனை ஒதுக்கிவிட்டு இரும்புச் சிலை ஒன்றை முன்னே நகர்த்துகிறான். அணைப்பில் சிலை நொறுங்கிப் போகிறது. இரும்புக்கு வலிக்கவில்லை, பீமனுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் திருதராஷ்டிரனின் வாயிலிருந்து இரத்தம் வருகிறது. கோபம் தணிந்ததும், பீமனைக் கொன்றுவிட்டோமே என்று அவன் அழுகிறான். யாரும் இறக்காத அந்த இடத்தில் ஏதோ நடந்தேவிட்டது என்பதைக் கேட்போர் எல்லோரும் உணர்கிறார்கள்.

ஆனால் திருதராஷ்டிரன் அதை உண்மையான பீமன் என்றே நம்பினான். பெங்களூர்ப் பையனுக்கோ தன் முன் இருப்பது வெறும் ஒளிப்புள்ளிகள் என்று நன்றாகத் தெரியும். ஆகவே இருவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. கொல்லும் எண்ணம் அவனிடம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அவனிடம் உள்ளது வேறு. கையில் அகப்பட்ட ஒருவனைப் பார்க்கும்போது, 'இவனால் எனக்கு என்ன லாபம்?' என்று முதலில் கேட்கும் பழக்கம். மனத்தை வசப்படுத்த அப்பியாசமும் வைராக்கியமும் வேண்டும் என்கிறது கீதையின் ஆறாம் அத்தியாயம். அப்பியாசம் நல்லதற்கு மட்டும் வேலை செய்வதில்லை. எதை ஆயிரம் முறை செய்தாலும் அது எளிதாகிவிடும்.

மரப்புலியும் நிலவறையும்

கைதியை வதைப்பது விளையாட்டுப் பொருளாவது கணினியோடு தொடங்கியதன்று. மைசூர் அரசில் அதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் அரண்மனையில் ஏறக்குறைய உயிர்ப்பருமனுள்ள மரப்பொம்மை ஒன்று ஆங்கிலேயரின் கைக்குக் கிடைத்தது. ஒரு புலி, ஐரோப்பியன் ஒருவனை மல்லாக்கத் தள்ளி அவன் கழுத்தில் வாயை வைத்திருக்கிறது. பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால், உள்ளே துருத்திகள் இயங்கி, புலி உறுமும். கீழே கிடப்பவன் கையை உயர்த்தித் தாழ்த்தி ஓலமிடுவான். எத்தனை முறை சுழற்றினாலும் அவன் சாவதில்லை. ஓலமும் ஓய்வதில்லை.

இதன் பிற்காலக் கதை இன்னும் சிந்திக்கத் தக்கது. லண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்ட அந்தப் பொம்மை, கிழக்கிந்தியக் கம்பெனியின் காட்சிக்கூடத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. வந்தவர்கள் எல்லாம் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே இருந்ததால், பக்கத்து நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தோர் ஓலம் தாங்காமல் எரிச்சலடைந்தனர். ஓலமிட்டது யார்? அவர்கள் நாட்டு வீரனின் உருவம். அவனை அலற வைத்து மகிழ்ந்ததும் அவர்கள் நாட்டு மக்களே. பகைவனை வதைக்கும் இன்பம் என்று செய்யப்பட்ட பொம்மை, பகையே இல்லாத இடத்திலும் அதே இன்பத்தைத் தந்தது. இன்று அது லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மரப்பொம்மையின் ஓலம் இப்படி இருக்க, அதே அரசில் மெய்யான கைதிகளும் இருந்தார்கள். பெங்களூரின் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டின் நெரிசலைத் தாண்டினால் பழைய கோட்டையின் எஞ்சிய பகுதியைக் காணலாம். 1537-இல் கெம்பே கௌடர் எழுப்பிய மண்கோட்டையை ஹைதர் அலி கற்கோட்டையாக மாற்றினார். டேவிட் பெயர்டு முதலான ஆங்கிலேய அதிகாரிகள் 1784 மார்ச் மாத விடுதலைக்கு முன் இங்குள்ள நிலவறையில் அடைக்கப்பட்டிருந்தனர் என்று அங்கே ஒரு கல்வெட்டு தெரிவிக்கிறது. 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை முறியடிக்கப்பட்டபோது பெயர்டு படுகாயத்துடன் பிடிபட்டார். அதன்பின் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் சிறை, பெரும்பகுதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில். பெய்லி 1782-இல் அங்கேயே இறந்தார்.

இந்தச் சிறைவாசத்தின் கொடுமைகளைப் பற்றிய நினைவுக் குறிப்புகள் ஆங்கிலத்தில் ஏராளம். போர்க்காலத்தில் எழுதப்பட்டவை ஆகையால் அவற்றில் மிகையும் கலந்திருக்கும். அவர்களோடு பிடிபட்ட தமிழ், தெலுங்குச் சிப்பாய்களின் துன்பத்தை எழுதி வைக்க இவ்வளவு பேர் இருக்கவில்லை. திப்பு வீரரா, கொடியவரா என்ற வழக்கு கர்நாடகத்தில் இன்னும் முடிந்தபாடில்லை. அது இங்கே தேவையுமில்லை. வேண்டியது பெயர்டின் வரலாற்றில் சொல்லப்படும் ஒரே ஒரு நிகழ்ச்சி.

கைதிகளின் கால்களில் பூட்ட இரும்பு விலங்குகள் கொண்டுவரப்பட்டன. பெயர்டின் காயங்கள் ஆறவில்லை. அவற்றின்மேல் இரும்பைப் பூட்டினால் உயிருக்கே ஆபத்து என்று மற்றவர்கள் மன்றாடினர். கைதிகள் எத்தனை பேரோ அத்தனை விலங்குகள் வந்திருக்கின்றன, ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று பதில் வந்தது. அங்கேயும் ஒரு கணக்கு! அப்போது கேப்டன் லூகாஸ் என்பவர் முன்வந்து, பெயர்டின் விலங்கையும் தமக்கே சேர்த்துப் பூட்டும்படி கேட்டுக்கொண்டாராம். எண்ணிக்கை சரியாகிவிடும் அல்லவா? கணக்கை மட்டும் பார்க்கும் அதிகாரத்திற்கு, அதன் மொழியிலேயே கருணை விடை சொன்ன இடம் இது.

1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மீது இறுதித் தாக்குதலை நடத்தியவர் இதே பெயர்டு. இப்போது அவர் ஜெனரல். அரண்மனைக்குள் திப்புவின் இளம் மைந்தர்கள் நடுங்கி நின்றனர். கோட்டைக்குள் பிடித்து வைக்கப்பட்டிருந்த ஆங்கிலேய வீரர்கள் சிலர் கொல்லப்பட்டனர் என்ற செய்தியும் அதே வேளையில் அவர் காதுக்கு எட்டியிருந்தது. ஒருகாலத்தில் தன்னை விலங்கிட்ட குடும்பத்தின் பிள்ளைகள் இப்போது தன் கையில். கோபம் இருந்தது, ஆனால் பிள்ளைகளைக் கண்டதும் அவர் இளகி, அவர்களுக்குத் தீங்கு நேராது என்று உறுதி கூறிக் கண்ணியத்துடன் நடத்தினார் என்று அங்கிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மறுநாள் திப்புவின் உடல் இராணுவ மரியாதையுடன் அவர் தந்தையின் அருகே அடக்கம் செய்யப்பட்டது. இவ்வளவும் நடந்த அந்த இரவில்தான் வென்ற படையினர் ஊரைச் சூறையாடினர் என்பதையும் சொல்லாமல் விடுவது சரியாகாது. ஒரு தளபதியின் நெஞ்சு இளகியதால் ஒரு நகரம் காப்பாற்றப்பட்டுவிடவில்லை.

பெங்களூர் பின்னரும் கைதிகளைக் கண்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலிய வீரர்கள் ஆயிரக்கணக்கில் இந்நகரைச் சுற்றியிருந்த முகாம்களில் வைக்கப்பட்டனர். அதற்குள் கைதிகளை நடத்தும் முறைக்கு உலக நாடுகள் ஜெனீவாவில் விதிகள் வகுத்திருந்தன. 1971 டிசம்பர் 16-இல் டாக்காவில் சரணடைந்து இந்தியாவின் பொறுப்பில் வந்த ஏறத்தாழ 93,000 பேர், 1974-க்குள் பாகிஸ்தானுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விதிகள் புதியவை எனினும் அவற்றின் உட்கருத்து பழையது. சாந்தி பர்வத்தில் அம்புப் படுக்கையிலிருந்து பீஷ்மர் யுதிஷ்டிரனுக்குக் கூறும் போர் அறத்தில், காயமுற்றுக் கையில் அகப்பட்ட பகைவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அல்லது தன் இடத்திலேயே மருத்துவர்களைக் கொண்டு காயத்தை ஆற்றி விடுவிக்க வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. சொல்பவர் தாமே உடல் முழுதும் காயத்துடன் கிடப்பவர்.

அச்சம் தேய்வது ஏன்?

மீண்டும் கணக்குக்கு வரலாம். கொடுமையால் பயன் உண்டு என்று விளையாட்டு சொல்கிறது. வரலாற்றிலும் பல அரசர்கள் அப்படியே எண்ணினர். திருக்குறளில் 'வெருவந்த செய்யாமை' என்று ஒரு முழு அதிகாரத்தையே திருவள்ளுவர் ஒதுக்கியிருப்பதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். குடிகள் அஞ்சும் செயல்களைச் செய்யாதிருத்தல் என்பது பொருள். கொடுங்கோன்மைக்குத் தனி அதிகாரம் முன்பே வைத்துவிட்டு, அச்சுறுத்தி ஆள்வதற்கு மற்றொன்று வைக்கிறார். அதையடுத்து வருவது கண்ணோட்டம். வரிசையைக் கவனித்தால், அரசனுக்கு அச்சத்தின் மீது உள்ள கவர்ச்சியை அவர் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார் என்பது புலப்படும். அவர் அதை அறப்பிழை என்று மட்டும் சொல்லி விடவில்லை. அரசனின் வலிமையையே அராவித் தேய்க்கும் அரம் அது என்கிறார்.

வியப்பு என்னவென்றால், விளையாட்டை உருவாக்கியவர்களும் இதைக் கண்டுகொண்டிருக்கிறார்கள். 'குரூசேடர் கிங்ஸ் 3'-இல் அச்சத்தின் எண் நிலையாக நிற்பதில்லை. நாளடைவில் தானே தேய்ந்துகொண்டு போகிறது. அதைத் தக்கவைக்க வேண்டுமானால் அரசன் புதிய புதிய கைதிகளைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்றும் அதில் உண்டு. இரக்க குணம் கொண்டவனாகப் படைக்கப்பட்ட அரசன் கைதியை வதைத்தாலோ கொன்றாலோ, அவனது மன அழுத்தம் ஏறும். குரூர குணம் கொண்டவனுக்கு அது இறங்கும். கர்மபலன் வெளியே மட்டுமன்றி உள்ளேயும் விளைகிறது என்பதை ஐரோப்பிய நிரலாளர்கள் எண்களில் எழுதிவிட்டார்கள்! ஆனால் அந்த அழுத்தத்தைச் சுமப்பவன் திரையிலுள்ள அரசன். விசையைத் தொட்டவன் கொட்டாவி விட்டுக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறான். குறை இங்கேதான், கொலைக்கு அங்கே கனமே இல்லை.

தெருக்கூத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். கூத்திலும் கொடுமை உண்டு, இரத்தம் உண்டு. மக்கள் விடிய விடிய அமர்ந்து பார்க்கிறார்கள். ஆனால் துகிலுரியும் கட்டம் வரும்போது, துச்சாதனன் வேடமிட்டவர் கற்பூரம் ஏற்றி வணங்கி, தாம் செய்யப்போவதற்கு மன்னிப்பு வேண்டும் வழக்கம் ஊர்கள் பலவற்றில் இருந்து வருகிறது. அவர் இழுக்கப்போவது நடிப்புச் சேலை. பாஞ்சாலியும் ஆண் நடிகர். எல்லாம் பொய் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வணங்குகிறார். பாவனைக்கும் ஒரு கனம் உண்டு என்பது அந்தக் கலைஞர்களுக்குத் தெரிந்திருக்கிறது. விளையாட்டு உலகிலும் இதற்கு ஒரு முயற்சி நடந்திருக்கிறது. போர் விளையாட்டுகளில் போர்ச்சட்டங்களும் இடம்பெற வேண்டும் என்று சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் கேட்டுக்கொண்டது. 2017-இல் 'ஆர்மா 3' என்ற விளையாட்டுக்கு, அச்சங்கத்தின் ஒத்துழைப்புடன், போர்ச்சட்டங்களை மையமாகக் கொண்ட ஒரு கூடுதல் பகுதி வெளியிடப்பட்டது.

திரௌபதியின் பெயரைச் சொன்ன பிறகு பெங்களூரில் அவள் கோயிலைச் சொல்லாமல் இருக்க முடியாது. கோட்டையிலிருந்து நடந்து போகும் தொலைவில், நகரத்பேட்டைப் பகுதியில், தர்மராயசுவாமி கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி அங்கிருந்து புறப்படும் கரகம் திரௌபதியின் வடிவமாகவே போற்றப்படுகிறது. திகளர் சமூகத்தார் நடத்தும் அவ்விழாவில் கரகம் மஸ்தான் சாகிப் தர்காவுக்கும் செல்வது வழக்கம். மக்கள் வணங்கும் இந்தத் திரௌபதி மென்மையானவள் அல்லள். கௌரவர் குருதி பூசாமல் கூந்தலை முடிவதில்லை என்று சபதம் செய்தவள். அவளிடம் ஒரு கைதி கொண்டுவரப்பட்ட கதையைப் பாகவதம் சொல்கிறது. உறங்கிக்கொண்டிருந்த அவளது ஐந்து பிள்ளைகளையும் இரவோடு இரவாகக் கொன்ற அசுவத்தாமனை, அர்ஜுனன் கயிற்றால் கட்டி இழுத்து வந்து அவள் முன் நிறுத்துகிறான். பீமன் கொல்லச் சொல்கிறான். திரௌபதியோ, அவிழ்த்து விடுங்கள் என்கிறாள். அவன் குருவின் மகன் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், அவன் தாய் கிருபி இன்னும் உயிரோடு இருக்கிறாள். நான் அழுவதுபோல் அவளும் அழ வேண்டாம்.

அவன் தகுதியானவன் என்றோ, திருந்திவிட்டான் என்றோ அவள் சொல்லவில்லை. அவனை மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. கட்டுண்டவனுக்குப் பின்னால் ஒரு தாயைப் பார்த்தாள், அவ்வளவே. கணக்குப் பார்க்கும் கண்ணுக்கு அந்தத் தாய் தெரிவதில்லை. திரையிலுள்ள கைதிக்கு மெய்யாகவே தாய் இல்லைதான். ஆனால் கைதி என்றவுடன் தாயைத் தேடாத கண், மெய்யான கைதியைப் பார்க்கும் நாளில் திடீரென்று தேடத் தொடங்கும் என்று எதிர்பார்ப்பது எப்படி? மெய்யான கைதிகள் போர்க்களத்தில் மட்டும் இருப்பதில்லை. வேலைக்கு வந்த சிறுமி, கடன்பட்டவர், வகுப்பில் தனித்து நிற்கும் மாணவன், சுருங்கிப்போன முதியோர் என்று பிறர் கையில் அகப்பட்டவர்கள் எல்லா வீடுகளின் அருகிலும் இருக்கிறார்கள்.

இதற்காகக் கணினியைப் பிடுங்கிப் பரணில் வைக்க வேண்டியதில்லை. பிடுங்கினால் பையன் நண்பன் வீட்டில் ஆடுவான். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, 'பிடிபட்டவர்களை என்ன செய்தாய்? ஏன்?' என்று கேட்கலாம். குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். மெய்யான ஆர்வம் போதும். ஆடுபவர்களிலேயே பலர், எந்த இழப்பும் இல்லை என்று தெரிந்தும் அந்த மூன்றாவது வழியைத் தொட மனம் வராமல் விட்டுவிடுகிறார்கள். சிலர் தொட்டுவிட்டு, பழைய கட்டத்துக்குத் திரும்பிச் சென்று மாற்றி ஆடுகிறார்கள். யாரும் பார்க்கவில்லை; எண்ணிலும் அவர்களுக்கு நட்டம். அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர்களையே யோசிக்க விடுவது ஒரு சிறந்த சத்சங்கமாக அமையக்கூடும். கொன்றவனிடமும் திரௌபதியின் கதையைச் சொல்லலாம். அவன் வாதாடுவான். வாதாடட்டும்.

புலவர் கோவூர் கிழார் ஒருமுறை அப்படிப்பட்ட வாதம் ஒன்றை நடத்தினார். சோழன் கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் சிறு பிள்ளைகளைப் பிடித்து வந்து, யானைக் காலில் இட்டுக் கொல்ல ஏற்பாடு செய்தான். வருங்காலப் பகையை வேரோடு முடிப்பது என்ற கணக்கு. யானை கொண்டுவரப்பட்டது. அதுவரை அழுதுகொண்டிருந்த குழந்தைகள், யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டார்கள். அதற்காகத்தான் தாங்கள் கொண்டுவரப்பட்டிருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. சுற்றி நின்ற அறிமுகமில்லாத கூட்டத்தைப் பார்த்து மட்டும் மிரண்டார்கள். புறநானூற்றின் 46-ஆம் பாடலில் புலவர் இதைச் சோழனுக்குச் சுட்டிக் காட்டுகிறார். ஒரு புறாவின் துயர் துடைத்தவன் குலத்தில் வந்தவன் நீ என்று நினைவூட்டுகிறார். இந்தப் பிள்ளைகளின் குலமோ, புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்துண்ட குலம் என்கிறார். அதற்கு மேல் மிரட்டவில்லை, சாபமிடவில்லை. கேட்டுவிட்டாய் அல்லவா, இனி நீ விரும்பியதைச் செய்துகொள் என்று நிறுத்திக்கொள்கிறார். குழந்தைகள் பிழைத்தார்கள் என்று பாட்டின் அடிக்குறிப்பு தெரிவிக்கிறது.